ஸ்ட்ரைக் அன்று நின்ற ஹால்ட் பஸ்

அன்பு மகள் மகாராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பி யோகேஷும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், குவைத்தில் உனக்கு ஆஸ்பத்திரி வேலையும் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வாரம் நாலு தடவை போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை அப்படிப் போகக் கூடாது.

மலையில் இரண்டு வாரமாக மழை விடவில்லை, பீன்ஸ் எல்லாம் கொடியிலேயே அழுகுகிறது. யோகேஷ் டிகிரி முடித்தும் வேலை தேடாமல் கவுன்சிலர் பின்னால் சுற்றுகிறான். நம் ஊர்ப் பாதையில் ஒரே சின்னப் பாலத்துக்கு மூன்று தடவை பூமி பூசை போட்ட மனிதர் அவர், தண்ணீர் இன்னும் பாலத்துக்கு மேலேதான் போகிறது. போஸ்டர் ஒட்டிய பசை கையில் காய்வதற்குள் எங்கேயாவது ஒரு மனுப் போடடா என்றேன். இப்பல்லாம் ஆளைப் பிடிச்சாத்தான்ப்பா சோலி நடக்கும் என்று எனக்கே புத்தி சொல்கிறான். டிவியைப் போட்டால் அது வேறு. கொடைக்கானலில் புல் மேல் உறைபனி விழுந்தால் அரை மணி நேரம் காட்டுகிறார்கள், நம் பக்கம் மண் சரிந்து நாலு நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை, அது ஒரு செய்தியாக யாருக்கும் படவில்லை. நான் பழைய ஆள். சம்பளம் வாங்குகிறவன் வேலையைப் பார்க்க வேண்டும், செய்தி சொல்கிறவன் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன். இப்படிப் பேசிப் பேசியே உன்னையும் தம்பியையும் வளர்த்தேன், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

எங்கள் பஸ் தொழிலாளர் சங்கத்தை நான் திட்டினால் உன் அம்மா சிரிப்பாள், முப்பது வருடமாகச் சந்தாவும் கட்டுகிறீர்கள் வசவும் வைகிறீர்கள் என்று. சங்கமே வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உன் தாத்தா சிலோன் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய காலத்தில் துரையிடம் பேசுவதற்குச் சங்கத்தை விட்டால் வேறு வாய் கிடையாது. ஆனால் இங்கே நம் கிளைச் செயலாளர் சிவமுருகன் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் வந்து கையெழுத்துப் போட்டால் அப்புறம் சங்க வேலை என்று போய்விடுவார், கேட்பதற்கு ஆள் இல்லை. போன மாதம் ஸ்ட்ரைக் அறிவித்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டுத்தான் ஸ்ட்ரைக், கேட்டது நியாயம்தான், நாலு மாதத்தில் நானே அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியவன். இதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரைக்கில் வண்டி எடுத்த டிரைவரோடு டெப்போவில் ஒருத்தரும் டீ குடிக்கவில்லை, அவர் ஓய்வுக் காகிதம் இரண்டு வருடம் மேசை மேசையாகத் தூங்கியது. அதை நான் கண்ணால் பார்த்தவன்.

ஸ்ட்ரைக் தொடங்கிய அன்று என் டூட்டி, ராத்திரி ஊரிலேயே நின்று விடிகாலையில் கிளம்புகிற நம் ஹால்ட் பஸ். முந்தின நாள் கடைசி டிரிப் வந்து வழக்கம்போலக் கோயில் முன்னால் நிறுத்தினேன், சாவி என் சட்டைப் பையில். காலை ஐந்தேகாலுக்கு லீலா அத்தை ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரர் மலைச்சாமி மாமாவுக்கு நெஞ்சு வலி, உடம்பெல்லாம் வேர்வை, இடது கையைத் தூக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்கிவிட்டது, திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஊரில் இருக்கிற ஒரே ஜீப் காப்பி லோடுக்குத் தாண்டிக்குடி போயிருந்தது. அண்ணே, பஸ்ஸ எடுங்கண்ணே, வெரசா எடுங்க என்று லீலா என் கையைப் பிடித்தாள். நான் கொஞ்சம் இரும்மா என்று சொல்லிவிட்டு சிவமுருகனுக்குப் போன் போட்டேன். எடுத்துராதீங்கண்ணே, ஒரு வண்டி நகண்டாலும் எவனாச்சும் வீடியோ புடிச்சு ஸ்ட்ரைக் ஒடஞ்சு போச்சுன்னு டிவில ஓட்டிருவான், அப்பறம் உங்க பென்சனுக்கு நான் பேச முடியாது, ஆம்புலன்ஸ் வந்துரும்ணே என்றார். போனை வைத்துவிட்டு லீலாவிடம், பிரேக்குல காத்து ஏறலம்மா, இதுல மலை எறங்குனா எல்லாரும் போய்ச் சேந்துருவோம் என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். முப்பது வருடம் அவளையும் அவள் பிள்ளைகளையும் பத்திரமாக ஏற்றி இறக்கியவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்.

மகாராணி, பிரேக் நன்றாகத்தான் இருந்தது. குளிரில் நின்ற வண்டியில் இஞ்சினை ஓட விட்டால் பிரேக்குக்குக் காற்று ஏறப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். நான் இஞ்சினையே போடவில்லை. நடுவில் நிறுத்தாமல் பெருமாள்மலை தாண்டிப் போனால் நாற்பது நிமிடத்தில் கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசல். மலைச்சாமிக்கு ஆறே முக்காலுக்கு உயிர் போனது, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. தினமும் காலையில் பீன்ஸ் மூட்டையை ஏற்றிவிட்டு, நான் கேட்காமலே என் முன் கண்ணாடியில் ஈரத்தைத் தோளில் கிடக்கிற துண்டால் துடைத்துவிட்டுப் போகிறவன் அவன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. லீலா அழுதுகொண்டே யாரிடமோ சொன்னது வாட்ஸப்பில் போய், மத்தியானத்துக்குள் டிவியில் ஓட்டை உடைசல் பஸ்ஸால் விவசாயி சாவு என்று ஓடியது. காட்டியது வேறு ஏதோ ஊரில் மேற்கூரை ஒழுகுகிற பஸ். ஒரு நிருபரும் மலை ஏறவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் சங்கத்தார் மலைச்சாமி படத்தைப் பிடித்துக்கொண்டு புது பஸ் கேட்டுக் கோஷம் போட்டார்கள், முன் வரிசையில் சிவமுருகன். கவுன்சிலர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார், அதில் மலைச்சாமியை விட அவர் முகம் பெரிது, ஒட்டியது உன் தம்பி. டிவி முன்னால் உட்கார்ந்து பொய்யப் பாரு பொய்ய என்று திட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா கதவருகில் நின்று என்னையே பார்த்தாள். நான் சிவமுருகனோடு போனில் பேசியபோதும் லீலாவிடம் பிரேக் கதை சொன்னபோதும் என் பின்னால்தான் அவள் நின்றிருந்தாள். அன்றிலிருந்து தினமும் லீலா வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள்.

இதோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேனோ என்னவோ. டெப்போ மெக்கானிக் திருமலைச்சாமியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பிரேக் சரி என்று முந்தின நாள் கையெழுத்துப் போட்டவர் அவர். வண்டியைச் சோதித்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தும், டிவியில் வந்துவிட்டதே, யாரையாவது காட்டியாக வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வேறு சங்கம், அதனால் நம் சங்கம் வாயைத் திறக்கவில்லை. சிவமுருகன் வீட்டுக்கு வந்து, காத்து ஏறலன்னே எழுதிக் குடுத்துருங்கண்ணே, ஆறு மாசத்துல அவரு தன்னால மறுபடி வேலைக்கு வந்துருவாரு என்கிறார். திருமலைச்சாமிக்கு அடுத்த மாதம் மகள் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு உயிரைக் கொன்ற கை என்று பேசுகிறார்களாம். அந்தப் பேச்சு எனக்குச் சேர வேண்டியது.

திங்கட்கிழமை விசாரணை. இந்தக் காகிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும், அதனால் நீ வேண்டாம் என்று தடுக்க வழியில்லை. பஸ் நன்றாக இருந்தது, ஓட்டவில்லை, பயந்துவிட்டேன் என்று எழுதி வைத்துவிட்டேன். அதைக் கொடுப்பதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லீலாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், விசாரணையை விட எனக்கு அதுதான் பயம். துக்கத்தில் முதல் ஆளாகப் பாடையைத் தூக்கினேன் என்று அவள் இன்னும் என்னை எல்லாரிடமும் புகழ்ந்துகொண்டிருக்கிறாள். பென்சன் போனால் போகட்டும், நீ உன் பங்குக்கு அதிகமாக அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. எனக்கு வெட்கமாக இருக்கிறது மகளே. இத்தனை வருடம் ஊர் உலகத்தை எல்லாம் திட்டினேன், எல்லாரும் தூக்கிப் பிடித்த அந்தப் பொய்யை முதலில் சொன்ன வாய் என் வாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, டூட்டி மாற்றி மாற்றிப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிர்சாதனத்துக்குக் கீழே படுக்காதே. கடவுள் உன் கையை எப்போதும் சுத்தமாக வைத்திருக்கட்டும், அந்தக் கை தொடுகிற நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் எனக்குப் பதில் எழுது. நீ இருதய வார்டில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறவள். அப்பா மனம் நோகுமே என்று பார்க்காமல் எழுது. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், மலைச்சாமி மாமா பிழைத்திருப்பாரா?

உன் அப்பா,
சூசைமுத்து