இரண்டாவது மஞ்சள் அட்டை

வியன்டியான்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள சுலிசய்க்கு,

உங்கள் மனைவி மனீவன் எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது, தொட்டால் மட்டும் வலிக்கிறது. அங்கே முட்டைக்கோஸ் நடவு தொடங்கியிருக்கும். குனிந்து குனிந்து உங்கள் இடுப்பு என்ன பாடுபடுகிறதோ.

பக்கத்துப் பண்ணையில் வேலை செய்யும் புன்தான் விடுப்பு முடிந்து நாளை கொரியாவுக்குத் திரும்புகிறான். மிளகாய்த் துவையல் இரண்டு டப்பா அரைத்துக் கொடுத்திருக்கிறேன். எருமைத்தோல் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. அதோடு இந்தக் கடிதம். ஆட்டம் நடந்த அன்று மாலை நீங்கள் அழைத்தபோது தலைவலி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, வாய் வரவில்லை.

நீங்கள் எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்து போனில் எங்கள் கால்பந்து ஆட்டம் பார்த்தீர்களாம். எண்பதாவது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிட்டதாம். புன்தான் சொன்னான். அப்படியென்றால் நீங்கள் ஒன்றுமே பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது.

எங்கள் பிரிவில் நான்கு அணிகள், இரண்டு அணிகளுக்குத்தான் கொரியாவில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு இடம் என்பது உங்களுக்குத் தெரியும். வியட்நாம் எல்லோரையும் ஜெயித்து ஓர் இடத்தை எடுத்துக்கொண்டது. மிச்ச இடத்துக்கு நாங்களும் மியன்மாரும். நாங்கள் சிங்கப்பூரை இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம், அவர்களும் அப்படியே. நாங்கள் வியட்நாமிடம் பூஜ்யத்துக்கு இரண்டு என்று தோற்றோம், அவர்களும் அப்படியே. கடைசி ஆட்டத்தில் இரண்டு பேரும் மோதினோம். முதல் பாதியில் எங்கள் கேயோ கோல் போட்டாள். இடைவேளைக்குப் பிறகு அவர்களுடைய நிலார் வின் சமன் செய்தாள். அதற்கு முன்பே, நிலாரின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்காக எனக்கு ஒரு மஞ்சள் அட்டை கிடைத்திருந்தது. அது நியாயமான அட்டை, நான் இழுத்தேன்.

எண்பத்து நான்காவது நிமிடம். எங்கள் பக்கம் உயரமாக ஒரு பந்து வந்தது. நானும் நிலாரும் சேர்ந்தே எழும்பினோம். தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்கு வெளியிலிருந்து கேட்டது போலக் கேட்டது. நான் முழங்காலில் விழுந்து எழுந்துவிட்டேன். அவள் மல்லாந்து கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது, வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. ஒரு கால் தானாக உதறிக்கொண்டிருந்தது. பந்து அந்தப் பக்கம் போய்விட்டதால் நடுவர் எங்களுக்கு முதுகைக் காட்டி அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அரங்கத்தில் இருந்த சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அப்போது பந்து திரும்பி எங்களை நோக்கியே வந்தது. அதன் பின்னால் மியன்மார் பெண் ஒருத்தி முழு வேகத்தில் ஓடி வந்தாள். நான் குனிந்து பந்தை இரண்டு கையாலும் எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

விசில் அடித்தது. நடுவர் ஓடி வந்து முதலில் நிலாரைத்தான் பார்த்தார், மருத்துவர்களைக் கூப்பிட்டார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு என்னிடம் வந்தார். வேண்டுமென்றே பந்தைக் கையால் எடுத்து எதிரணியின் ஓட்டத்தைத் தடுத்தால் மஞ்சள் அட்டை. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. காட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உடை மாற்றும் அறையில் பனிக்கட்டியை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிச்ச நேரம் பத்துப் பேரும் பந்தை ஆளுக்கு ஆள் தள்ளிக் காலத்தைக் கடத்தினார்கள். பயிற்சியாளர் லத்சமி அக்காதான் அப்படிச் சொன்னார். ஏனென்றால் அரங்கத்தின் பெரிய பலகையில் இருந்த பட்டியலில் நாங்கள் இரண்டாவதாக இருந்தோம். டிரா ஆனால் போதும் என்று எல்லோரும் நினைத்தோம். பலகையில் எங்கள் பெயர் மேலே இருந்ததற்குக் காரணம் ஆங்கில எழுத்து வரிசை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசில் சத்தமும் அதற்குப் பின் கூட்டத்தின் சத்தமும் கேட்டன. கேயோ கதவை உடைப்பது போல வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, கொரியா. மாமாவப் பாக்கப் போறீங்க, பெட்டியக் கட்டுங்க" என்றாள். என்னை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள். கொடியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அரங்கத்தைச் சுற்றி வந்தோம். நானும் சுற்றினேன், சுலிசய். ஜனங்கள் தண்ணீரை வாரி எங்கள் மேல் ஊற்றினார்கள். உங்களைப் பார்க்கும்போது என்ன உடுத்துவது என்று கூட நான் யோசித்துவிட்டேன்.

பதினோரு நிமிடம் அப்படி இருந்தோம் என்று லத்சமி அக்கா கணக்குச் சொல்கிறார். அப்போதுதான் போட்டி அதிகாரி ஒருவர் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தார். புள்ளி சமம், கோல் சமம், நேருக்கு நேர் ஆட்டமும் சமம். அடுத்தது நன்னடத்தைப் புள்ளியாம். மஞ்சள் அட்டைக்கு ஒன்று, சிவப்புக்கு மூன்று. யாருக்குக் குறைவோ அவர்கள் போகலாம். மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து மியன்மாருக்கு நான்கு. எங்களுக்கு எண்பத்து நான்காவது நிமிடம் வரை மூன்று. என் முதல் மஞ்சளுக்கான ஒன்றைக் கழித்துவிட்டு, சிவப்புக்கு மூன்றைச் சேர்த்ததும் ஐந்து.

நன்னடத்தையில் நாங்கள் தோற்றுவிட்டோம்.

லத்சமி அக்காவுக்குக் குரலே எழும்பவில்லை. நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்களே, அவர் கத்தினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் கேட்கும். அன்று மெதுவாகக் கேட்டார். "ரெண்டு டீமும் இங்கதானே நிக்குது. யாரும் இன்னும் ஷூ கழட்டல. பந்த வச்சு டீமுக்கு அஞ்சு உதைக்கச் சொல்லுங்க. அதுல தோத்தா நான் வாயத் திறக்க மாட்டேன்." அந்த அதிகாரி, "பதினேழாம் பக்கம் பாருங்க மேடம். நீங்க கையெழுத்துப் போட்டது" என்றார். அவரும் தலை குனிந்துதான் சொன்னார். மியன்மார் பெண்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ஒன்றிரண்டு பேர் குதித்தார்கள். பிறகு நிலாரைக் கொண்டுபோன வாசலைப் பார்த்து அவர்களும் நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் விஷயம் தெரியாமல் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இறங்கும்போது கேயோ மட்டும் என்னிடம் நின்றாள். "ஒரு உதை அக்கா. வெளிய ஒரே ஒரு உதை. பந்து கோட்டத் தாண்டியிருந்தாலும் விசில் அடிச்சிருப்பாங்கல்ல. கையால ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டாள். திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பன்னிரண்டு வருடமாகப் பந்தைக் காலால் உதைப்பவள் நான். அன்று கை ஏன் முந்தியது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

செய்தித்தாளில் என்னைப் பற்றித் தங்க மனசு என்று போட்டிருக்கிறார்கள். வெட்டி வைத்திருக்கிறேன், ஆனால் அனுப்பப் போவதில்லை. அதில் எழுதியிருப்பது வேறு யாரையோ பற்றி. நான் அந்தப் பெண் செத்துவிட்டாள் என்று பயந்தேன், நான்தான் கொன்றேன் என்று பயந்தேன். அவ்வளவுதான். சந்தையில் பப்பாளிக்காய் இடித்து நண்டு போட்டு விற்கும் சீத்தா அக்கா, "ஏண்டி, கைப்பந்து டீம்ல ஆள் எடுக்கறாங்களாம், போறியா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அந்தப் பேச்சுதான் எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. பொட்டலத்தில் நண்டு ஒன்று கூடவே போட்டுக் கொடுத்தாள்.

புதன்கிழமை நிலாரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். அவளுடைய அணி ஊருக்குப் போய்விட்டது, கூட ஒரு தாதி மட்டும் இருந்தாள். மண்டை ஓட்டில் மெல்லிய கீறல். பக்கவாட்டில் முடியை மழித்திருந்தார்கள். அவள் தாய்லாந்து எல்லையில் வளர்ந்தவள், தாய் பேசுவாள், அதனால் நாங்கள் பேசிக்கொள்ள முடிந்தது. ஆட்டம் அவளுக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. தான் கோல் போட்டதே தெரியாது.

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னா நாங்க எப்படிப் போனோம்?" என்று கேட்டாள். அட்டைக் கணக்கு என்றேன். "யாரு அட்டை?" என்றாள். என்னுடையது என்றேன். "எதுக்கு வாங்குன?" என்றாள். நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். தாதி சொல்லிவிட்டாள்.

நிலார் மழித்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நீ கீழ கிடந்து நான் நின்னுருந்தா, அந்தப் பந்தக் கொண்டு போயி கோல் போட்டிருப்பேன். நீ கிடக்குறது தெரிஞ்சாலும் போட்டிருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் யார் முகத்துக்கு நேரே இப்படி உண்மை பேசுகிறார்கள்? ஆறு மாதம் அவள் பந்தைத் தொடக்கூடாதாம். அவளும் கொரியாவுக்குப் போகப் போவதில்லை.

லத்சமி அக்கா முறையீடு எழுதினார். உயிரைக் காப்பாற்ற எடுத்த பந்துக்கு விழுந்த அட்டையை நன்னடத்தைக் கணக்கில் சேர்ப்பது எப்படி நியாயம் என்று கேட்டிருந்தார். இரண்டு அணியும் களத்தில் நிற்கும்போது ஏன் உதைக்க விடவில்லை என்றும் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பதில் வந்தது, இரண்டே வரி. விதி போட்டிக்கு முன்பே எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை. அக்கா அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "அவங்க சொல்றது சரிதான். அந்தப் பக்கத்த நான் படிச்சேன். இதெல்லாம் நடக்கவா போகுதுன்னு புரட்டிட்டேன்" என்றார். விதி தெரிந்திருந்தால் கடைசி ஆறு நிமிடம் பத்துப் பேரையும் முன்னால் அனுப்பியிருப்பேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறார் என்று கேள்வி.

நேற்று லத்சமி அக்கா வீட்டில் எனக்காகப் பாசிச் சடங்கு வைத்தார்கள். அதிர்ச்சியில் உடம்பை விட்டுப் போன, உறுப்புக்கு ஒன்றாக இருந்து காக்கும் முப்பத்திரண்டு உயிரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் வெள்ளை நூல் கட்டினார்கள். அணியில் எட்டுப் பேர் வந்தார்கள். கேயோவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நூல் கட்டவில்லை. ஒட்டரிசி சாப்பிட்டுவிட்டு, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அது போதும் எனக்கு.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் ஒரு மாதம் ஆகிறது உங்களைப் பார்த்து. எங்கள் ஆட்டம் நடக்கப் போகும் ஊருக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம் என்று நீங்கள் விசாரித்து வைத்திருந்ததும், முதலாளியிடம் நான்கு நாள் விடுப்புக் கேட்டு வாங்கியிருந்ததும் புன்தான் சொல்லித்தான் தெரியும். என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை. நிலார் விழுந்ததிலிருந்து நான் குனிந்தது வரை ஐந்தாறு விநாடி இருக்கும். அதில் ஒரு விநாடிகூட உங்கள் நினைப்பு எனக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொரு நாளும் கேட்டுப் பார்க்கிறேன். பதில் ஒரு நாளைக்கு ஒன்றாக வருகிறது.

இந்த வாரம் முழுக்க நீங்கள் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு அனுப்புகிறீர்கள், நான் சாப்பிட்டேன் என்று அனுப்புகிறேன். கோபம் இருந்தால் கோபப்படுங்கள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

இந்தக் காகிதத்துக்குள் ஒரு நூல் மடித்து வைத்திருக்கிறேன். பாசியில் உங்கள் பேர் சொல்லி நான் முடிச்சுப் போட்டது. புன்தானை உங்கள் வலது கையில் கட்டச் சொல்லுங்கள். மூன்று நாள் அறுக்காமல் வைத்திருங்கள். மண்வெட்டி பிடிக்கும் கை, அதற்கு ஒரு குறையும் வரக்கூடாது. உங்கள் உயிர் எதுவும் வழியில் எங்கும் தங்கிவிடாமல், பனியில் திசை தப்பாமல், உங்கள் உடம்போடு சேர்ந்திருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்து அவை எல்லாவற்றையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

என்றும் உங்கள்,
மனீவன்