மருந்தில்லாத தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த தட்டில் அது மண்டிக் கிடந்தது. மருந்தில்லாத தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. வழக்கம்போல அடையாளத்தை மூடியில் எழுதி, மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நினைத்து, மூன்று முறை திரும்பச் செய்தேன். பேராசிரியர் சிரித்தார்.

"மூடியெல்லாம் சரிதாம்மா. மரபணுவுல ஒரு எழுத்து மாறி, ரைபோசோம் புரதம் ஒண்ணு உருமாறிடுச்சு. கொல்ற மருந்து இல்லாம இப்ப அதால வாழ முடியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அறைக்குக் கீழே இயந்திரங்கள் ஓயாமல் உறுமும். முதல் வருடம் அந்தச் சத்தத்தில் அழுதேன். போன விடுமுறையில் நம் வீட்டில் ஏன் தூங்கவில்லை என்று கேட்டாயே. அங்கே சத்தம் போதவில்லை. அந்தக் கடகடக்கும் மின்விசிறியை மட்டும் மாற்றிவிடாதே, அம்மா.

ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள்.

உன் மகள்