போனில் ஜனவரி ஒன்று

மார்ச் 4, திங்கள்

வக்கீல் ஐயாவின் மகள் புது மொபைல் வாங்கி வந்திருக்கிறாள். செங்கல் கனம். பேசுவதற்கு மட்டுமில்லையாம். நாட்காட்டி, அலாரம், முகவரிப் புத்தகம், செய்யவேண்டிய வேலைப் பட்டியல் எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். "குமாஸ்தாம்மா, வாய்தாத் தேதியெல்லாம் இதுல ஏத்திடுங்க. முந்தின நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதுவே அடிச்சுச் சொல்லிடும்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருப்பது யாராம்? கேட்கவில்லை. "சரி பாப்பா" என்றேன். அவளும் இப்போது வக்கீல், கட்சிக்காரர்கள் முன்னால் மேடம் என்று கூப்பிடவேண்டுமாம். என் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு என் செருப்பை இடம் மாற்றிவைத்து விளையாடிய பிள்ளை. மேடம்!

மார்ச் 6, புதன்

ஆங்கில எழுத்து மட்டும்தான் வருகிறது. ஒரு 'எஸ்' போட ஏழாம் பொத்தானை நாலு தடவை அமுக்கவேண்டும். ஐந்தாவது தடவை விரல் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் வாய்தா எழுதிவரும் பெரிய நோட்டில் நடப்பு வழக்கு நாற்பத்தாறு. இன்று ஒன்பது ஏற்றினேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஏற்றி முடித்தேன். வீட்டில் இவர் என் கட்டைவிரலில் தைலம் தேய்த்துவிட்டு, "உன்னையும் கொஞ்சம் சார்ஜ்ல போடணும்போல" என்றார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 13, புதன்

பாப்பா புது உத்தரவு போட்டாள். "இந்த மாசம் நீங்க யாருக்கும் எதையும் ஞாபகப்படுத்த வேண்டாம். போன் சரியா சொல்லுதான்னு பாப்போம்."

சரியாகச் சொன்னால்? அதை அவள் சொல்லவில்லை. ஐயா செய்தித்தாளை மடித்துக்கொண்டே இருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. எனக்கென்ன புரியாதா? எனக்கான குழியை என்னையே வெட்டவைத்திருக்கிறார்கள், அதுவும் கட்டைவிரலால்.

மார்ச் 18, திங்கள்

தையல்காரம்மா வந்தாள். கடையைக் காலிசெய்யச் சொல்லிக் கட்டடக்காரர் போட்ட வழக்கு. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று. இந்தத் தடவை நேரில் வந்து சாட்சி சொல்லாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு எழுதிவிடுவேன் என்று நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டார்.

"வாய்தா என்னைக்கு மேடம்?"

"முந்தின நாள் நாங்களே கூப்பிடுவோம். கவலைப்படாம போங்க" என்றாள் பாப்பா.

வியாழக்கிழமை என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

சிம் கார்டு சரியாக உட்காரவில்லை என்று பாப்பா போனின் பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். அப்புறம் சார்ஜில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டாள். பார்த்தால், ஜனவரி 1 என்று காட்டுகிறது. பேட்டரி கழன்றதில் தேதி போய்விட்டது. அந்தப் போனுக்கு மார்ச் மாதம் வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. நாளைக்குச் சாயங்காலம் அது அடிக்காது.

நான் சொல்லவில்லை.

அடிக்காமப் போகட்டுமே! அப்பத் தெரியும் என் அருமை. வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னது அவங்கதானே?

எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சொல்லமாட்டேன்.

மார்ச் 20, புதன்

போகும் வழியில் தையல்கடை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை தவறியது. என்னைக் கண்டதும், "குமாஸ்தாம்மா, சாப்பிட்டீங்களா? முகமே வாடியிருக்கு" என்றாள்.

அய்யோ, என்ன ஜென்மம் நான்! என் பிழைப்பைக் காப்பாத்திக்க இவ பிழைப்பைக் கெடுக்கப் பாத்தேனே!

பாப்பாவிடம் சொல்லியிருக்கலாம். எப்போ பாத்தீங்க என்று கேட்பாளே — நேற்றே பார்த்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவள் சாப்பிடப் போன நேரத்தில் போனை எடுத்தேன். இருபது, மூன்று என்று தேதியைப் போட்டேன். மணியையும் சரிசெய்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஐந்து மணிக்கு அடித்தது. பாப்பா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, பாத்தீங்களா! எவ்வளவு கரெக்டா அடிக்குது!"

"நல்லா அடிக்குது" என்றேன்.

மார்ச் 21, வியாழன்

தையல்காரம்மா சாட்சி சொல்லிவிட்டாள். கடை இப்போதைக்குத் தப்பித்தது. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போனுக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

மார்ச் 29, வெள்ளி

"இனிமேலாவது ஓய்வெடுங்க குமாஸ்தாம்மா" என்றாள் பாப்பா. பெரிய நோட்டு பரணில் ஏறியது. ஐயா வாசல்வரை வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "குடை எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்தாச்சு என்றேன். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருஷம்.

ஏப்ரல் 17, புதன்

ஒன்பதரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறேன். எங்கே போக? இவர் பையைக் கொண்டுவந்து கொடுத்து, காய் வாங்கிவரச் சொன்னார். வீட்டில் காய் இருந்தது.

மே 8, புதன்

ஒன்றுமில்லை. தூங்கினேன்.

ஜூன் 11, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. பாப்பா. குரலே சரியில்லை. "குமாஸ்தாம்மா, நேத்து மொபைல் கீழ விழுந்து பேட்டரி கழண்டுடுச்சு. ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது. சாயங்காலம் அடிக்கவே இல்ல. இன்னைக்கு யாருக்கு வாய்தான்னு தெரியல, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"உள்ள எதுவும் அழிஞ்சிருக்காது. பதறாத பாப்பா." எதை அமுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அமுக்கிக்கொண்டே கேட்டாள்: "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல அலுப்பாக இருந்தது.

"மார்ச்சுலயும் இப்படி ஆச்சு. தையல்காரம்மா வாய்தாவுக்கு முந்தின நாள் நான்தான் சரிபண்ணி வச்சேன். அதுக்கும் முந்தின நாளே பாத்துட்டேன் பாப்பா. ஒரு நாள் முழுக்கச் சொல்லாம இருந்தேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தேதி கேக்குது" என்றாள். "இன்னைக்கு என்ன தேதி குமாஸ்தாம்மா?"

"பதினொண்ணு, ஆறு."

அமுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பரண்ல இருந்து நோட்டை இறக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"மெதுவா இறக்கு. கனமா இருக்கும்."

செருப்பை மாட்டினேன். இவர் இன்று பையைக் கொண்டுவரவில்லை. "நேரமாச்சு, கிளம்பு" என்றார்.