மாடியில் யாரும் இல்லை

ஈஜிபுரா, பெங்களூரு
செப்டம்பர் 10

அன்புத் தம்பி சிரிலுக்கு,

அக்கா அன்னா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். நீயும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். சிவாஜிநகர் கோயில் திருவிழா முந்தாநாள் முடிந்தது. கூட்டத்தில் உன் அத்தானுக்கு மூச்சு முட்டி, பாதித் தேர்பவனியிலேயே ஆட்டோ பிடித்து வந்துவிட்டோம். இனிமேல் டிவியில் பார்த்தால் போதும் என்கிறார். அடுத்த வருஷமும் போவார், பார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் ஜீவனஹள்ளி வீட்டுப் பேச்சை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான்.

வரி நோட்டீஸ் பற்றி உனக்கு மேலோட்டமாகத்தான் சொன்னேன். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

ஜூன் மாதத்தில் உன் கீழ்வீட்டில் குடியிருக்கும் வீணா இங்கே வந்தாள். அவளை நீ நேரில் பார்த்ததில்லை. ஓனரின் அக்கா என்று மட்டும் என்னை அவளுக்குத் தெரியும். கம்பெனி வேலைக்குப் போகிறவள். கணவன் நாகேஷ் பஸ் டிப்போவில் மெக்கானிக். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அழுதாள். "அக்கா, மாசம் பொறந்தா மொத வேலையா வாடகை போடறேன். ஒரு நாள் லேட் பண்ணதில்ல. எனக்கு ஏன்க்கா வரி ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வருது?" என்றாள். நோட்டீஸை நாகேஷிடம் காட்டவில்லையாம். வீட்டைக் காலி பண்ணிவிடலாம் என்பான் என்று பயம்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளை அல்சூரில் ஆடிட்டர் வெங்கடசுப்ரமணியனிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர், நிதானமாகச் சொன்னார். "ஓனர் இந்த ஊர்ல இருந்தா அது ஒரு கணக்கும்மா. அவர் வெளிநாட்டுவாசின்னா வேற கணக்கு. வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும், குடியிருக்கறவங்கதான் அதுல வரியைப் பிடிச்சு கவர்மென்டுக்குக் கட்டிட்டு மீதியை ஓனருக்கு அனுப்பணும். ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. பிடிக்கலேன்னா கேள்வி ஓனர்கிட்ட போகாது, இவங்ககிட்டதான் வரும்." வீணா தன் கம்பெனியில் வீட்டு வாடகைச் சலுகைக்காக உன் பான் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அந்த நம்பரில் நீ வெளிநாட்டுவாசி என்று இருக்கிறது. கனடா போன புதிதில் நீயே மாற்றிக் கொடுத்திருப்பாய், மறந்திருப்பாய்.

பிறகு அவர் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தார். வீட்டுச் சொந்தக்காரர் அதே முகவரியில் மாடியில் வசிப்பவர் என்று அதில் இருந்தது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வீணா சொன்னாள்: "ஆமா சார், ஓனர் மாடியிலதான் இருக்காரு. யாரோடயும் பேச மாட்டாரு, அவ்வளவுதான்."

நீ கனடாவுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது என்று நான் சொன்னேன், தம்பி. அந்தப் பெண்ணின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆடிட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ மாடியில யாருக்கா இருக்காங்க?" என்றாள்.

திரும்பி வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். மனைவி செத்துப்போன துக்கத்தில் ஓனர் யாரையும் பார்ப்பதில்லை, தொந்தரவு பண்ணக் கூடாது என்று புரோக்கர் சொல்லியிருக்கிறான். மாடியில் எப்போதும் 'கடக் கடக்' என்று ஒரு சத்தம். ஆள் இருக்கிறார் என்று நம்ப அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. டிவியைக்கூடக் குறைத்துத்தான் வைப்பாளாம். யுகாதி அன்று ஒப்பட்டுப் போளி செய்து, தட்டில் வைத்து மூடி, உன் மாடிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உனக்கு மெசேஜ் போட்டாளாம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தட்டு காலி. பூனை தின்றதோ காக்கை தின்றதோ, எனக்குத் தெரியாது. ஆனால் நீ பதில் போட்டிருக்கிறாய். "ஒப்பட்டு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, மகாவுக்கும் புடிக்கும்னு போட்டாருக்கா" என்றாள்.

பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செத்துப்போன மனைவியின் பேர்தான் மகா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வரிக்குப் பயந்துதான் மாடியில் இருப்பதாக நீ ஒப்பந்தத்தில் எழுதவைத்தாய் என்று ஆடிட்டர் நினைக்கிறார். நினைக்கட்டும். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நீ திறக்கக் கூடாது என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் சொந்தச் சமையலறையில் நிற்கப் பயப்படும்போது நான் என்ன செய்வேன்? அதற்குள் நாகேஷுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. பூட்டு துருப்பிடித்திருந்தது; அவன்தான் எண்ணெய் விட்டுத் திறந்தான்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சிரில்.

காய்ச்சலில் மகா கடைசிவரைக்கும் காற்று, காற்று என்றுதானே கேட்டாள். நீ அதை அணைக்காமலே கதவைப் பூட்டியிருக்கிறாய். கரண்ட் போய்ப் போய் வந்தும் அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. சுவரோரமெல்லாம் தூசி மேடு மேடாகக் கிடந்தது. கட்டில் மட்டும் யாரோ அப்போதுதான் தட்டிப்போட்டது போல இருந்தது. நாற்காலியில் அவள் சால்வை. அதன் நுனி தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும், "வாங்க அண்ணி" என்பாளே, அந்தக் குரலுக்காக ஒரு நிமிஷம் நின்றேன். உண்மையாகவே நின்றேன்.

என் கை சுவிட்சுக்குப் போகவில்லை. நாகேஷ் என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன், அவன் அணைத்தான். அது நிற்பதற்கு நேரம் பிடித்தது. நின்ற பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சால்வை கீழே தொங்கிப்போயிற்று. தான் ஒருநாளும் பார்த்திராத ஒருத்திக்காக வீணா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். ரயில் சத்தம் உள்ளே வந்தது.

அவர்கள் காலி பண்ணவில்லை. இருக்கிறோம் என்று நாகேஷே சொல்லிவிட்டான். மாடியைப் பெருக்கித் துடைத்தோம். சால்வை என்னிடம் இருக்கிறது.

வரி விஷயமும் தீர்ந்துவிட்டது. நீ பணம் அனுப்பிப் பழைய வருஷங்களின் வாடகைக்கும் கணக்குக் காட்டிவிட்டதால், அந்த வரியை வீணாவிடம் கேட்க மாட்டார்கள் என்று ஆடிட்டர் சொல்கிறார். வட்டி மட்டும்தான்; அதையும் நீ கட்டிவிட்டாய். இனி மாதாமாதம் அவள் பிடித்துக் கட்டுவாள். ரிப்பேருக்கென்று வாடகையில் ஒரு பங்கைக் கழித்துத்தான் உனக்குக் கணக்குப் போடுவார்களாம், அதிகமாகப் பிடித்தது திரும்பி வருமாம். கனடாவிலும் இந்த வாடகையை மறைக்காமல் காட்டு. இங்கே கட்டியதை அங்கே கழித்துக்கொள்ளலாமாம். புது ஒப்பந்தத்தில் உன் கனடா முகவரி போட்டாயிற்று.

பணம் அனுப்பிய அன்று நீ ரசீதைப் பற்றிக் கேட்டாய், வீணாவிடம் மன்னிப்புச் சொல்லச் சொன்னாய். மாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் போனில் சொல்லத் துணிவு வரவில்லை. அந்த மின்விசிறி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அங்கே நீ படுத்திருப்பாயோ என்ற நினைப்புதான் என்னை அரிக்கிறது.

இந்தக் கடிதத்தை அங்கே உன்னோடு தங்கியிருக்கும் யூஜின் கையில் கொடுத்தனுப்புகிறேன். லீவுக்கு வந்தவன் நாளை விமானம் ஏறுகிறான். சொல்லாதே அக்கா என்றுதான் சொன்னான், ஆனாலும் சொல்லுகிறேன். உன் அறையில் கட்டில் இல்லையாம். அலமாரியில் ஒன்றுமே இல்லையாம். சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்துப் பெட்டியிலேயே வைக்கிறாயாம். "நேத்து வந்து எறங்கின ஆள் மாதிரி இருக்கான்க்கா" என்றான்.

ஒரு கட்டில் வாங்கிப் போடு, சிரில். நல்லதாகப் பார்த்து வாங்கு. அந்தப் பெட்டியை முழுக்கக் காலி பண்ணிப் பரண்மேல் போடு. குளிருக்குக் கனமான கம்பளி வாங்கு, யாரோ வருவதற்கு வாங்குவது போல வாங்கு. கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுது, நான் படிக்கிறேன். கல்லறைக்குப் போக, பூ வைக்க, அவளோடு நாலு வார்த்தை பேச இங்கே நான் இருக்கிறேன். மகாவை நான் பார்த்துக்கொள்கிறேன், தம்பி. நீ அங்கே குடியிரு.

மாதா உன் வாசலில் காவலாக நிற்கட்டும்.

உன் அக்கா,
அன்னா