லோடு ஏற்றாத லோடு வண்டி

1994, ஆவணி, வியாழன் இரவு

முகப்பு விளக்கு சதுரமாகிவிட்டதாம். அதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, நம் வெல்டிங் பட்டறைக்குப் புது மாடல் பிக்கப் வாங்கி வந்திருக்கிறான் என் மைத்துனன்.

இன்று செம்பாக்கத்து மளிகைக்காரர் வீட்டுக்கு இரும்பு கேட் கொண்டுபோக வேண்டும். பிக்கப்பில் ஏற்றலாம் என்று தூக்கினால் கத்துகிறான்: "இன்னா மாமா, பெயிண்ட் போயிடும்! மீன்பாடி வண்டிக்குச் சொல்லிக்கீறேன், இரு."

அந்த மூன்று சக்கர வண்டியில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நான். பின்னால் காலிப் பிக்கப்பில், சீட்டின் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல், ஹாரன் அடித்துக்கொண்டே அவன். திருமுடிவாக்கத்திலிருந்து வழியெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

மளிகைக்காரராவது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு பிக்கப்பின் பானெட்டைத் தொட்டார்.

"புது மாடலா தம்பி? புக் பண்ணா எப்ப கிடைக்கும்?"

"பெரிய கியூ கீது சார். ஆனா சும்மா கார் மாதிரி போவும்."

கார் வேண்டுமென்றால் காரையே வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே. "முன்பக்கம் என்னா லட்சணம்!" என்கிறார் இவர், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. அரிசி மூட்டை எத்தனை ஏறும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகுதான் என்னிடம் வந்தார். "நானும் ஒண்ணு வாங்கப்போறேன். இந்த கேட்டுல அது நுழையாது. தூணை இடிச்சிக்கறேன், நீங்க இன்னும் ரெண்டு அடி அகலமா பண்ணிக் குடுத்துடுங்க."

கேட் பட்டறைக்கே திரும்பி வந்தது. அதே மீன்பாடி வண்டியில்தான். பின்னால் காலிப் பிக்கப்.