ஸ்பீக்கரில் வந்த பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

டயர் கடை மாடியில் நடக்கும் நம் பாட்டுக் கச்சேரியை வீடியோ எடுக்கிற பொண்ணு எழுதுகிறேன். நீங்கள் பாடும்போது முன்வரிசையில் உட்கார்ந்து விசில் அடிப்பேனே, அதே ஆள்தான். நீங்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டுப் போய்விட்டீர்கள், மெசேஜ் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தபால் எழுதுகிறேன். ஸ்டாம்ப் எந்த மூலையில் ஒட்டுவது என்றுகூட யூடியூபில்தான் பார்த்தேன். விலாசம் தந்தது தையல்கடை ஆன்ட்டி. அவரைத் திட்டாதீர்கள்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உங்கள் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை என்றாராம் டாக்டர். குரல் எப்படி இருக்கும் என்று ஆன்ட்டி கேட்டதும் ஃபைலை மூடிவிட்டாராம். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

கச்சேரி நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாற்காலிகளில் பாதி காலி. மற்ற பாட்டுகள் எப்படியோ ஓடிவிடுகின்றன, கேள்விப் பாட்டுதான் நடுவில் நின்றுவிடுகிறது. உங்களுக்குத் தெரியாததா? ஒருவர் அந்த நிமிஷத்தில் தோன்றுகிற கேள்வியைப் பாட வேண்டும், இன்னொருவர் அதற்குப் பதில் கட்டிப் பாட வேண்டும். என்ன பதில் வந்தாலும் கேட்டவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அன்றைக்கு உங்கள் பதிலைப் பிடிக்காமல், இத்தனை பேர் முன்னால் "இதெல்லாம் ஒரு பதிலா?" என்று அப்பா கேட்டது தப்புதான். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனதை நான் தப்பென்று சொல்லவே மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் கேள்வியைப் பாடிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். லைவில் பார்க்கிறவர்கள் "நெட் போச்சா?", "வீடியோ ஸ்டக் ஆயிடுச்சு" என்று கமெண்ட் போடுகிறார்கள். ஒன்றும் ஸ்டக் ஆகவில்லை, காத்திருக்கிறார் என்று நான் டைப் பண்ணுகிறேன். அழுகிற பொம்மை ஒன்று வரும். அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஐடியா தோன்றியது. சேனலில் உங்கள் பதில்கள் எத்தனையோ இருக்கின்றனவே, அப்பா நிறுத்தும்போது ஒன்றைப் போட்டுவிட்டால் பாட்டு முழுசாகிவிடும் என்று. மைக்செட் அண்ணன்கூட "சூப்பர்மா" என்றார். அப்பா பாடினார். குரல் ரெண்டு இடத்தில் உடைந்தது.

"எல்லாரு முன்னாலும் உன்னை இறக்கி வச்சேனே
எந்தப் படியில வந்து நான் நிக்க, மகளே?"

நான் அதைக் காதில் வாங்கவே இல்லை அக்கா. பட்டனைத் தட்டுகிற அவசரத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் நீங்கள் வந்தீர்கள், மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுவீர்களே, அந்தப் பழைய பதில். பின்னாலேயே அன்றைய கூட்டத்தின் சிரிப்பும் கைதட்டலும்.

உங்கள் குரல் கேட்டதும் அப்பா எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. பிறகுதான் ஸ்பீக்கரைப் பார்த்தார். சிரிப்பு ஓடி முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தார். என்னிடம் வந்தபோது திட்டுவார் என்று நினைத்தேன். "இது அன்னிக்குக் கேட்டதுக்குச் சொன்னதும்மா. இன்னிக்குக் கேட்டது வேற" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் இன்னும் ஒரு கச்சேரிதான் இருக்கிறது, இந்த மாதக் கடைசி ஞாயிறு. அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேலை பார்க்கிற மெக்கானிக் ஷெட்டிலும் யாரோடும் பேசுவதில்லையாம். ஸ்பேனர் வேண்டுமென்றால் கையை நீட்டுகிறாராம். ஒருவேளை அந்த நாளுக்காகக் குரலை மிச்சம் பிடிக்கிறாரோ என்னவோ.

உங்களால் வர முடியாது, லீவு கிடைக்காது என்பது தெரியும். போன் போதும். மைக் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன். என் நம்பர் கவரின் பின்பக்கம் இருக்கிறது. நீங்கள் கோபமாகப் பாடினாலும் சரி, திட்டிப் பாடினாலும் சரி. இந்தத் தடவை எதுவானாலும் பிடித்துக்கொள்வார். ரெக்கார்ட் பண்ண மாட்டேன், அம்மா மேல் ஆணை.

அங்கே பனி என்று கேள்விப்பட்டேன். வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளுங்கள் அக்கா. உங்கள் தொண்டைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
முன்வரிசை விசில்