தம்புசாமியின் இடுப்பும் கன்னையாவின் கரண்டுப் பெட்டியும்

பிரிக்ஃபீல்ட்ஸ், ரயில்வே லயம்
14 ஆகஸ்டு 1932

கேரி தீவில் பேரனைக் கொஞ்சிக்கொண்டு புருஷனை மறந்துவிட்ட மகாராணி மாரியாயிக்குத் தம்புசாமி எழுதுவது. இடுப்பைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். புஷ்பவல்லி, அம்மாவுக்கு இதை நீயே வாசித்துக் காட்டு. உன் வீட்டுக்காரர் வாசித்தால் எனக்கு வெட்கம்.

வேலையில் ஒரு குறையும் இல்லை என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து இங்கே ரயில்வேயிலும் ஆள் குறைக்கிறார்கள். புதன்கிழமை டாக்டர் துரை வந்து பார்ப்பார், தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டையைத் தூக்க முடியாதவனை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று எங்களை மேய்க்கும் மண்டோர் ஜெயராஜ் சொன்னான். என் இடுப்போ குனிந்தால் நிமிராது. நீ தீவில், நான் நாகப்பட்டினத்தில் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

நம் சவரக்கடைக் கன்னையா வலிக்கென்று ஒரு கரண்டுப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறான். இரண்டு பித்தளைத் தகட்டை ஈரத்துணியில் சுற்றி இடுப்பில் கட்டிவிட்டு, பெட்டியின் கைப்பிடியை மாவு அரைப்பதுபோலச் சுற்றுவான். முதல் நாள் நான் போட்ட சத்தத்தில், பாதி சவரத்தில் இருந்த மைதீன் ராவுத்தர் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடிவிட்டார். “ஆடாதீங்க அண்ணே, கம்பி கழண்டுரும்” என்கிறான் கன்னையா. நானா ஆடினேன்? கரண்டு ஆட்டியது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கரண்டு ஓடும்போது வலி வெளியே போய் நின்றுகொள்கிறது. பெட்டி நின்றபின் முக்கால் மணி நேரம் நான் மாப்பிள்ளை மாதிரி நடக்கிறேன். அப்புறம் வலி தன் பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் புதன்கிழமை ஏழரைக்குக் கரண்டு பிடித்துக்கொண்டு எட்டு மணிக்கு வரிசையில் நின்றேன். டாக்டர் ஒன்பதரைக்கு வந்தார்! நல்ல வேளை, கன்னையாவைப் பெட்டியோடு சாமான் கொட்டகைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பலகை இடுக்கு வழியாகக் கம்பி வந்து என் சட்டைக்குள் போனது. அவன் உள்ளே சுற்ற, நான் பலகையில் சாய்ந்து சிரித்த முகமாக நின்றேன்.

டாக்டர் வந்து என் இடுப்பை அழுத்திப் பார்த்தாரே பார்க்கலாம்! துள்ளிக் குதித்து அவர் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டார். ஜெயராஜுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. விவரம் தெரியாத கன்னையா இன்னும் வேகமாகச் சுற்றுகிறான்.

கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்: “வலிக்குதுங்க துரை. கரண்டு புடிச்சா தூக்குவேன்.” தூக்கு என்றார். சிலிப்பர் கட்டையின் ஒரு முனையை ஜெயராஜ் பிடிக்க, மறுமுனையைத் தூக்கித் தோளில் வைத்தேன். பல்லைக் கடித்தது அவருக்குத் தெரியாது.

அவர் சிரிக்காமல் எழுதினார்: இவன் தூக்குவான், ஆனால் பெட்டியோடுதான், ஆகவே ரவாங் பக்கத்து ரயில்வே கேட்டுக்குக் காவலாளியாகப் போடவும். கப்பல் இல்லை, மாரியாயி! அடுத்த மாதம் போக வேண்டும். கேட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு தருகிறார்கள்.

பெட்டி மட்டும் போயிற்று. டாக்டருக்கு முழங்கால் வலியாம், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கொண்டுபோனார். நாலு நாளாகக் கன்னையா அவர் வீட்டு வாசலில் நிற்கிறான்.

எனக்கு இடுப்பு பழையபடிதான். வலி இருக்கும் இடத்தை எத்தனை முறை காட்டினாலும் கன்னையா தகட்டை ஒரு விரல் தள்ளியே வைப்பான். உன் கட்டைவிரல் கேட்காமலே அங்கே போய் நிற்கும். உடனே கிளம்பு என்று சொல்லவில்லை. பிரசவம் ஆகி நாற்பது நாள் கழிந்து பதினெட்டு நாள் ஆகிறது. நான் எண்ணவில்லை, காலண்டர் சொல்கிறது. வெள்ளிக்கிழமை, தீவுப் படகு வந்து நிற்கும் கிள்ளான் படகுத்துறைப் பக்கம் எனக்கு வேறு வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

பேரனுக்கு என் ஆசீர்வாதம். எல்லாம் உன்னைப்போல வளரட்டும், முக்கியமாக இடுப்பு.

உன்னைக் கொஞ்சமும் எதிர்பார்க்காத,
தம்புசாமி